98 நாள் முடிந்த பிறகு

மலேசியாவில் பிள்ளை பெற்றவளுக்குச் சட்டம் 98 நாள் லீவு கொடுக்கிறது. 2023 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் இது 60 நாளாகத்தான் இருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டினார்கள். நல்ல காரியம். அந்த 60 நாள் காலத்தில் வேலைக்குத் திரும்பிய அக்காமார்களைக் கேட்டுப் பாருங்கள், தையல் போட்ட இடம் வலிக்க வலிக்கக் கம்பெனி பஸ் ஏறிய கதையைச் சொல்வார்கள்.

ஆனால் பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுங்கள் என்றும் அதே அரசாங்கம்தான் சொல்கிறது. கிளினிக்கில் மிஸ்ஸி (நர்ஸ்) சொல்கிறார், கையில் கொடுக்கும் புத்தகம் சொல்கிறது. 98 நாள் என்பது மூன்றே கால் மாதம். மீதி மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. அந்த நாட்களில் பாலுக்கு என்ன வழி என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. 99ஆவது நாள் காலையில் நீங்கள் மற்ற எல்லாரையும் போல ஒரு தொழிலாளி, அவ்வளவுதான்.

நான் இருப்பது சாஆவில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஜொகூரின் சிகாமட் மாவட்டத்தில் யோங் பெங்குக்கும் லாபீசுக்கும் நடுவே, பழைய நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் சின்ன டவுன். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். டவுனுக்குள் எல்லாருக்கும் வேலை கிடைக்காது. யோங் பெங், சிகாமட், பத்து பஹாட் என்று போய் வருகிறவர்கள் உண்டு. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கிச் சிங்கப்பூருக்குப் போகிறவர்களும் உண்டு. நான் போவது ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் பகுதிக்கு. விடியும் முன்பே கிளம்பினால் பொழுது சாயத்தான் வீடு. பஸ் நேரத்தையும் சேர்த்தால் பிள்ளை என்னைப் பார்க்காமல் இருப்பது கிட்டத்தட்ட பதினோரு மணி நேரம்.

வேலைக்குத் திரும்பப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, எத்தனை அவுன்ஸ் எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை ஒரு நாளைக்குச் சுமார் 25 அவுன்ஸ், அதாவது 750 மில்லி அளவுக்குக் குடிக்கும். டின் பால் குடிக்கும் பிள்ளைக்கு மாதம் ஏற ஏற அளவும் ஏறும். தாய்ப்பாலில் அப்படி இல்லை, இந்த ஐந்து மாதமும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே நாம் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒன்றிலிருந்து ஒன்றரை அவுன்ஸ் என்று கணக்குப் போட்டால் போதும். எனக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து அவுன்ஸ் வரை. யூடியூபில் ஃப்ரீசர் நிறைய பால் பைகளை அடுக்கிக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்து மனம் உடைந்து போகாதீர்கள். இன்று வேலையிடத்தில் எடுக்கும் பால் நாளைக்கு. அது போக ஆத்திர அவசரத்துக்கு ஒன்றிரண்டு நாள் இருப்பு. இது போதும்.

இந்தக் கணக்கு நடக்க வேண்டுமானால் வேலையிடத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுத்தாக வேண்டும். தாய்ப்பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும். மார்பில் தேங்கி நின்றால் அந்தத் தேக்கமே சுரப்பைக் குறைத்துவிடும். ஒரு நாள் தவறினால் மார் கல்லாகக் கட்டிக்கொண்டு வலிக்கும், சட்டை நனையும். தொடர்ந்து சில நாள் தவறினால் வலியும் இருக்காது, பாலும் இருக்காது. “எனக்குப் பால் வத்திப் போச்சுக்கா” என்று சொல்கிற பெண்கள் பலரிடம் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். பால் தானாக வற்றவில்லை. எடுக்க நேரம் கிடைக்கவில்லை. அதைத் தன் உடம்பின் குறை என்று நினைத்து அந்தப் பெண்கள் வருந்துவதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது.

நேரம் என்று நான் சொல்வது என்ன? பம்பைப் பூட்டிப் பால் எடுக்க 15 முதல் 20 நிமிடம். கை கழுவ, பாட்டிலை மூட, சாமான்களைக் கழுவ இன்னும் பத்து நிமிடம். ஆக அரை மணி. நம் சட்டப்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடையில் 30 நிமிட ஓய்வு கொடுக்க வேண்டும். எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான். அந்த அரை மணியில் சாப்பிடுவதா, பால் எடுப்பதா? பிள்ளைக்குப் பால் கொடுப்பவளுக்குப் பசி எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நான் ஸ்டோரில் இருப்பதால் எழுந்து போக முடிகிறது. ரசீதை மேசையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் உலகம் நின்றுவிடாது. உள்ளே லைனில் நிற்கும் பெண்ணுக்கு அப்படி இல்லை. அவள் நகர வேண்டுமானால் அவள் இடத்தில் இன்னொருத்தி வந்து நிற்க வேண்டும். கழிவறைக்குப் போவதற்கே ஆள் மாற்ற வேண்டும் என்றால் அரை மணி நேரத்தை யாரிடம் போய்க் கேட்பாள்? நம் தமிழ்ப் பெண்களில் நிறையப் பேர் நிற்பது லைனில்தான். தாய்ப்பாலின் மகிமையைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தப் பெண்ணைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்தது இடம். கழிவறை மூடிமேல் உட்கார்ந்து பால் எடுத்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் வாய்க்குள் போகும் உணவு அது. யாராவது தன் மதியச் சோற்றைக் கழிவறையில் வைத்துப் பிசைவார்களா? எங்களிடத்தில் எனக்கு வழிகாட்டியவர் ஒரு மலாய்க்கார அக்கா. நான்கு பிள்ளைக்கும் தாய்ப்பால் கொடுத்தவர். அவர் காட்டியது, சூராவில் (தொழுகை அறையில்) பெண்கள் பகுதிக்குள் திரை போட்ட ஒரு மூலை, பக்கத்தில் பிளக் பாயிண்ட், வெளியே தண்ணீர்க் குழாய். நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். “மாசோக், டிக். தாக் அபா” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். உள்ளே வா தங்கச்சி, ஒன்றுமில்லை என்று. தொழுகை நேரத்தில் மட்டும் நான் ஸ்டோருக்குள் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்விடுவேன், கதவில் மலாயில் ‘ஜாங்கான் மாசோக்’ (உள்ளே வராதீர்கள்) என்று எழுதி ஒட்டிவிட்டு. இதை நான் நன்றியோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் ஒரு தாய்க்கு இடம் கிடைப்பது இன்னொரு தாயின் நல்ல மனசைப் பொறுத்து இருக்கக் கூடாது. அந்த அக்கா வேலையை விட்டுப் போனால் அடுத்து வருகிறவளுக்கு யார் திரையை விலக்குவார்கள்?

வீட்டுக்கு வருவோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என் அத்தை. அவருக்கு என் மேலும் பிள்ளை மேலும் உயிர். ஆனால் ஐஸ் பெட்டியில் வைத்த பால் என்றால் அவருக்கு ஆகாது. “குளிர்ச்சிம்மா, நெஞ்சுல சளி கட்டிக்கும். அதுவும் பாரு, மேல ஆடை தனியா, கீழ தண்ணி தனியா நிக்குது. கெட்டுப் போச்சு” என்பார். கெட்டதில்லை. மாட்டுப் பாலைப் போலக் கம்பெனியில் கலக்கிக் கொடுக்காத பால், அதனால் கொழுப்பு மேலே மிதக்கிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. காலையில் எடுத்த பால் லேசான நீலம் ஓடியது போல இருக்கும், சாயங்காலப் பால் மஞ்சள் தட்டும். ஃப்ரீசரில் வைத்ததில் சில நேரம் சவர்க்கார வாடை வரும். சேர்த்துவைக்கும்போது கொழுப்பில் உண்டாகும் மாற்றம் அது. பிள்ளை குடித்தால் தாராளமாகக் கொடுக்கலாம். இதையெல்லாம் நான் வாயால் சொன்னபோது அத்தைக்கு நம்பிக்கை வரவில்லை. ஊசி போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்று மிஸ்ஸி எடுத்துச் சொன்னார், அதோடு சரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாம் சொன்னால் பேச்சு, வெள்ளைச் சட்டை சொன்னால் வைத்தியம்.

அத்தைக்கு இன்னொரு நம்பிக்கையும் உண்டு. வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவளின் பால் சூடேறியிருக்கும், முதல் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டுவிட்டுத்தான் பிள்ளையை மாரில் போட வேண்டும் என்பார். மருத்துவப்படி இதில் ஒன்றும் இல்லை. வெயிலில் நின்றால் பால் கெடாது. ஆனால் இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. அத்தையின் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும். கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனால் மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு வர உச்சி வெயில் ஆகிவிடும். அதுவரை கட்டிக்கொண்ட மாரோடு காட்டுக்குள் நடந்திருப்பார். வந்ததும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் கனம் குறையும், காம்பு இளகும், பிள்ளை பிடித்துக்கொள்ளும். சொன்ன காரணம் தப்பாக இருக்கலாம், செய்த காரியத்தில் ஒரு பலன் இருந்தது.

வேலைக்குப் போன தாய்க்கும் வீட்டில் விட்ட பிள்ளைக்கும் நடுவில் அந்த நாளில் நுழைந்தது டின் பால். சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மாவைப் பற்றி நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. ஜமாய்க்காவில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் புரதச்சத்துக் குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியோர்கர் நோயை 1930களில் மருத்துவ உலகத்துக்கு விளக்கியவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்தார். சர்க்கரை சேர்த்த கெட்டிப் பாலைக் குழந்தை உணவு என்று சொல்லித் தாய்மார்களிடம் விற்பதை இங்கே கண்ணால் பார்த்தார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசக் கூப்பிட்டபோது தன் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு ‘பாலும் கொலையும்’. பொய்ப் பிரசாரத்தால் தாய்ப்பாலை நிறுத்தவைத்துக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைதான் என்று நேருக்கு நேராகச் சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் சாங்கி சிறையில் கிடந்து உயிரோடு திரும்பி, பிறகு உலக சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவுக்குத் தலைவராகவும் ஆனார்.

நம் நாட்டுக்கு இதில் பெருமைப்படவும் காரணம் உண்டு. உலகத் தாய்ப்பால் வாரம் என்று ஒவ்வோர் ஆகஸ்டிலும் முதல் ஏழு நாள் கொண்டாடுகிறார்களே, அதை 1992இலிருந்து நடத்தும் வாபா அமைப்பின் தலைமையகம் பினாங்கில் இருக்கிறது. 1991இல் அதை உருவாக்கியவர்களில் நம் நாட்டு அன்வர் பசாலும் ஒருவர். 1993இலேயே மலேசியா தாய்ப்பாலுக்கென்று தேசியக் கொள்கை வகுத்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 2006இல் நூற்றுக்கு 14.5 என்று இருந்தது, 2016 கணக்கெடுப்பில் 47.1 ஆனது. கிளினிக் மிஸ்ஸிமார்களின் உழைப்பு அது. ஆனால் அவர்கள் உழைப்பு தொழிற்சாலையின் கேட் வரைக்கும்தான் வர முடியும்.

கேட்டுக்கு உள்ளே வர வேண்டியது சட்டம். இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு இடைவேளை உண்டு. இலங்கையில் ஒரு வயதுக்குள் பிள்ளை இருந்தால் இரண்டு இடைவேளை. வேலையிடத்தில் பிள்ளைக் காப்பகம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. பிலிப்பைன்ஸில் 2009 சட்டப்படி எட்டு மணி நேர வேலைக்குக் குறைந்தது 40 நிமிடம், சம்பளத்தோடு. பால் கொடுக்கும் தாய்க்கு வேலை நேரத்திலேயே இடைவேளை வேண்டும் என்று சொல்லும் 2000ஆம் ஆண்டு உலகத் தொழிலாளர் உடன்படிக்கையில் மலேசியா இன்னும் சேரவில்லை. ஒரே கப்பல் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி ஒருவர் கண்டித் தோட்டத்துக்கும் ஒருவர் ஜொகூர்த் தோட்டத்துக்கும் போனார்கள். அங்கே போனவரின் பேத்திக்குச் சட்டத்தில் இருக்கும் இடைவேளை இங்கே வந்தவரின் பேத்திக்கு இல்லை. அங்கும் எல்லாத் தோட்டத்திலும் சரியாக நடக்கிறது என்று சொல்லவரவில்லை. ஆனால் கேட்பதற்குக் கையில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

சட்டம் வரும்வரை நாம் சமாளித்தாக வேண்டுமே, அதற்குச் சில விஷயங்கள். ஏசி அறையில் வைத்த பால் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெக்கையில் அதையும் நம்பாமல் உடனே கூலர் பைக்குள், உறைந்த ஐஸ் கட்டியோடு வைத்துவிடுங்கள், 24 மணி நேரம் இருக்கும். குளிர்பெட்டியில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம். உருகவைத்த பாலைக் குளிர்பெட்டியிலேயே வைத்து ஒரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். பிள்ளை வாய் வைத்துக் குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொடுக்க வேண்டாம். வெள்ளக் காலத்தில் கரண்டு போனால் ஃப்ரீசர் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். 2023 மார்ச் வெள்ளத்தில் சாஆவே தண்ணீரில் நின்றபோது பாலை நினைத்து அழுத தாய்மார்கள் இருந்தார்கள். நிறைந்த ஃப்ரீசர் மூடியபடி இருந்தால் இரண்டு நாள்வரை குளிர் நிற்கும். பாலுக்குள் இன்னும் ஐஸ் துணுக்கு இருந்தால் அதைத் திரும்ப உறையவைக்கலாம்.

பால் திடீரென்று குறைந்தால் முதலில் உங்களைச் சந்தேகப்படாதீர்கள், பம்பின் வால்வைப் பாருங்கள். வாத்து மூக்கு மாதிரி இருக்கும் அந்தச் சின்ன சிலிகான் துண்டு நாளடைவில் தளர்ந்துவிடும். இழுவை குறையும், பாலும் குறையும். மாற்ற அதிகம் செலவாகாது. மார்பில் வைக்கும் புனல் உங்கள் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள், பெட்டியோடு வருவது எல்லாருக்கும் சேராது. பம்பை அலுவலகப் பான்ட்ரி சிங்க்குக்குள் போட்டுக் கழுவ வேண்டாம். முந்தின ஆள் மீ சாப்பிட்ட தட்டைக் கழுவிய இடம் அது. தனியாக ஒரு பேசின் வைத்துக்கொள்ளுங்கள். பம்பு வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இரண்டு வயதுக்குள் பிள்ளை இருக்கும் தாய்க்கு, பால் எடுக்கும் சாதனங்களுக்காக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 1,000 வெள்ளிவரை வருமான வரிக் கழிவு உண்டு.

மார் ஒரு பக்கம் சிவந்து, கட்டி தட்டி, காய்ச்சல் வந்தால் அசட்டையாக இருக்காதீர்கள். முன்பெல்லாம் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்த்துவிடுவார்கள். அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடும், ஐஸ் ஒத்தடம் வையுங்கள், வழக்கத்துக்கு மேல் போட்டு பம்ப் செய்யாதீர்கள் என்று தாய்ப்பால் மருத்துவர்களின் உலக அமைப்பு 2022இல் புதிய வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

டின் பாலும் சேர்த்துக் கொடுக்கிற தாய்மார்களுக்கு ஒன்று. உங்களை யாராவது குறைவாகப் பேசினால் காதில் வாங்காதீர்கள். பிள்ளை பசியாறியிருப்பதுதான் முக்கியம். ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் எடுக்க முடிகிறதா, அந்த ஒரு பாட்டிலும் பிள்ளைக்கு லாபம்தான். ராத்திரியில் மாரோடு போட்டுக் கொடுங்கள். அந்த நேரத்தில் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் உடம்பில் கூடுதலாக இருக்கும்.

இனி, கேட்பதைப் பற்றி. 98 நாளைக் கொடுத்து 2023இல் நடைமுறைக்கு வந்த அதே திருத்தத்தில் இன்னொரு பிரிவும் சேர்ந்தது, பலருக்குத் தெரியாது. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் இழுத்தடிக்க முடியாது. 60 நாள் என்பதால் லீவு முடியும்போது கேட்டால் காலம் கடந்துவிடும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே எழுதிக் கொடுங்கள். எந்தெந்த நேரத்தில் அரை மணி வேண்டும், கதவுள்ள அறை ஒன்றும் பிளக் பாயிண்ட்டும் வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். லைனில் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, உங்களை மாற்றிவிட ஆள் வேண்டும் என்பதையும் எழுதுங்கள். யூனியன் இருந்தால் அதன் வழியாகக் கொடுங்கள். மலாயில் எழுதத் தடுமாறினால் பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளிடம் கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

நம் ஓட்டைக் கேட்டு வருகிறவர்களிடமும் இதைக் கேளுங்கள், எந்தக் கட்சியாக இருந்தாலும். வேலைச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பால் கொடுக்கும் தாய்க்குப் பிள்ளையின் முதல் பிறந்தநாள் வரை தினமும் இரண்டு முறை அரை மணி, சம்பளத்தோடு, வேலை நேரத்துக்குள்.